பூஜையில் வைத்த பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

அக்காவின் புருஷனிடம் நான் மூன்று தடவை அடி வாங்கியிருக்கிறேன். முதல் இரண்டும் சமாதானப் பேச்சின் நடுவில், வாய்ப்பேச்சு முற்றியபோது கிடைத்தவை. கை நீட்டினார், நான் கன்னத்தைக் காட்டினேன், முடிந்தது. மூன்றாவதுதான் முழுச் சாப்பாடு. அது பரிமாறப்பட்டபோது நான் என் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். வலது கண் முழுக்க பிரேக் ஆயில். இடது கை நடுவிரலில் நகம் இல்லை. அடிக்க வருபவனுக்கு இதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் புனேயில் சாங்வியில் இருந்தோம். அப்பா ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவை நிக்டியில் கொடுத்திருந்தோம். மாமா அங்கே ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வேலையில் புலி. அக்காவை அடிப்பதிலும் அதே ஃபிட்டர் புத்திதான். அளந்து, இடம் பார்த்து, ரவிக்கைக் கைக்கு வெளியே தெரியாதபடி அடிப்பார்.

இரண்டு முறை அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு முறையும் நான்தான் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் புத்திமதி வேறு. குடும்பம், பொறுமை, நாலு பேர் என்று என்னென்னவோ பேசினேன். நான் நன்றாகப் பேசுவேன் என்று சொந்தக்காரர்களிடையே எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் சொந்தக்காரர்கள் அவ்வளவாகப் பேச்சு கேட்டவர்கள் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலை அக்கா போன் செய்தாள். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் வீட்டுப் போன். அவளை நாங்கள் எல்லோரும் வஹினி என்போம், அண்ணி என்று அர்த்தம்.

"டேய், காரை எடுத்துகினு வா. மெஷினை ஏத்தணும்."

மெஷின் என்றால் தையல் மெஷின். அதை வைத்துத்தான் அக்கா காலனிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொண்டிருந்தாள். போன இரண்டு முறையும் மெஷினை விட்டுவிட்டு வந்தாள். தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சோறு தின்னக் கூச்சப்பட்டு, நான் புத்திமதி சொன்னதும் கிளம்பிவிட்டாள். இந்த முறை மெஷினோடு வருகிறாள் என்றால் வந்துவிடுகிறாள் என்று அர்த்தம்.

"இன்னா ஆச்சுக்கா?"

"நாளைக்குக் காலைல சம்மட்டி எடுத்து மெஷினை ஒடைக்கிறேன்னாரு. இன்னிக்கு பூஜை. அதனால இன்னிக்குத் தொடமாட்டாரு."

இது உங்களுக்குப் புரிய வேண்டும். மாமா பக்திமான். ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டால், மறுநாள் விஜயதசமி வரை ஒரு ஊசியைக்கூட யாரும் தொடக்கூடாது. தையல் மெஷினுக்கும் அவரே கையால் பொட்டு வைத்திருந்தார். மறுநாள் உடைக்கப் போகிற சாமானுக்கு முந்தின நாள் கற்பூரம். ஆகவே மெஷினுக்கு ஒரு நாள் ஆயுள் இருந்தது. மாமா கம்பெனியில் பூஜை முடித்து, கூட்டாளிகளோடு குடித்துவிட்டு ஆறு மணிக்குத்தான் வருவார். அதற்குள் அக்காவும் மெஷினும் நிக்டியை விட்டுப் போயிருக்க வேண்டும்.

என் கார் நாலு கை மாறி வந்த டீசல் வண்டி. மாமா முன்னால் நிமிர்ந்து நிற்கத்தான் அதை வாங்கினேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மச்சான், உள்ள சாமி படம் ஒட்டிகிறியே, அது வுழாம பாத்துக்கோ. அதுதான் வண்டிய ஓட்டுது" என்றார். என் ஸ்பேனர் பெட்டியை அன்று என் மனைவி பூஜைப் பலகையில் வைத்திருந்தாள். எடுக்கப் போனேன். "தொட்டா கைய ஒடிப்பேன்" என்றாள். எங்கள் குடும்பத்தில் சாத்வீகமான ஆள் அவள்தான். வெறுங்கையோடு கிளம்பினேன்.

பதினோரு மணிக்கு நிக்டி போய்ச் சேர்ந்தேன். அக்காவின் வீடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கிளட்சை மிதித்தேன். கால் நேராகத் தரை வரை போனது. பெடல் திரும்பி வரவில்லை. வண்டி கியரில் இருந்தபடியே நாலு குதி குதித்து, சரியாக அக்கா வீட்டு வாசலில், வஹினி போட்டிருந்த ரங்கோலியின் மேல் நின்று செத்தது. வந்து சேரும் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே, அதற்கே அதைக் கும்பிட வேண்டும். நான் இறங்கி டயரை உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

அக்கா வெளியே வந்தாள். கீழ் உதடு ஒரு பக்கம் கிழிந்து காய்ந்திருந்தது. இந்த முறை அளவு தப்பியிருந்தது.

"இன்னாடா?"

"கிளட்ச் வயர் அறுந்துடுச்சு. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏனென்றால் அந்தக் காரில் கிளட்ச் வயரே கிடையாது. அது எனக்குத் தெரியாது. என் ஸ்கூட்டரில் வயர் இருந்தது, நண்பர்களின் வண்டிகளில் வயர் இருந்தது, ஆகவே உலகத்தில் எல்லாக் கிளட்சுக்கும் வயர் உண்டு என்று நம்பியிருந்தேன். பானட்டுக்குள் தலையை விட்டு இல்லாத வயரைத் தேடினேன். கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்தேன். ஹாரன் ஊமையானது. இன்னும் ஒன்றை இழுத்திருந்தால் எஞ்சினும் போயிருக்கும். ஆத்திரத்தில் ரேடியேட்டரை ஒரு குத்துக் குத்தினேன், முட்டி தோல் உரிந்தது. அன்றைக்கு முதல் ரத்தம் என்னுடையது, அடித்தவனும் நானே.

அக்கா அதற்குள் டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றியிருந்தாள். மெஷினின் தலையைக் கழற்றிப் பின்சீட்டில் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினாள். பொட்டு அழியவில்லை. பிறகு வந்து குனிந்து பார்த்தாள். தையல்காரிக்கு ஒரு குணம் உண்டு. நூல் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்ப்பாள்.

"பெடல்ல இருந்து இந்தக் கம்பி இதுக்குள்ள போவுது. இது இன்னா கிண்ணம்? காலியாகீது."

"அது பிரேக்குக்கு இருக்கும்."

"பிரேக்குக்கு அந்தாண்ட ஒண்ணு கீதே. அதுல எண்ணெய் இருக்குது. இந்தக் கிண்ணத்துல இருந்து ஒரு குழாய் கீழ போவுது பாரு."

விரலால் அந்த இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டே போனாள். அது எஞ்சினுக்குப் பின்சுவரோரமாக இறங்கி, ரப்பர் குழாயாக மாறி, கியர் பாக்ஸின் விலாவில் கட்டை விரல் பருமனில் இருந்த ஒரு இரும்பு உருளைக்குள் நுழைந்தது. உருளையின் மறுமுனையில் ஒரு சின்னக் கம்பி ஒரு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருந்தது. முழுதும் நனைந்து, சொட்டுச் சொட்டாக ரங்கோலியில் வடிந்தது.

"இதான்டா ஒழுகுது."

இரண்டு வருஷமாக அந்தக் காரை ஓட்டிய எனக்கு அப்படி ஒரு உறுப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தே போனேன். ஆட்டோக்கள் எல்லாம் குளித்து மாலை போட்டு வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் மைக் செட் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் மராத்திக்காரர், நெற்றி நிறையக் குங்குமம். நான் வர்ணித்ததைக் கேட்டுச் சிரித்தார். "ஸ்லேவ் சிலிண்டர்" என்றார். மேலே பெடல் பக்கத்தில் இருப்பது மாஸ்டர், அது சுகமாக உட்கார்ந்திருக்கும், கீழே சேற்றிலும் கல்லிலும் அடிபட்டு முதலில் சாவது எப்போதும் ஸ்லேவ்தான் என்று ஹிந்தியில் விளக்கினார். புதுசாக ஒன்றும் பிரேக் ஆயில் டப்பா ஒன்றும் கொடுத்து, "குழாயில் புகுந்த காற்றை எடுக்காமல் ஓட்டாதே. ஒருத்தர் மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே நிப்பிளை, காற்று போகிற அந்தச் சின்னத் திருகை, திறக்க வேண்டும்" என்றார். ஸ்பேனர் இரவல் கேட்டேன். பூஜையைக் காட்டிக் கும்பிட்டார்.

திரும்பி வந்து அக்காவிடம், "எல்லாம் கிடைச்சுது, ஸ்பேனர்தான் இல்ல" என்றேன்.

அக்கா உள்ளே போனாள். கூடத்தில் வாழையிலை மேல் மாமாவின் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அப்படியே இலையோடு சுருட்டி எடுத்து வந்தாள்.

"அக்கா, வேணாம். பூஜையில கீது."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கழட்டு."

வாசலில் நின்ற வஹினி வாயில் கை வைத்தாள். "அகோ பாயி, ஆஜ் நகோ!" இன்றைக்கு வேண்டாம் என்று. அக்கா மராத்தியில் அவளிடம், நாளைக்குக் காலையில் சம்மட்டிக்கு வேலை இருக்கிறது வஹினி, இன்றைக்கு விட்டால் முடியாது என்றாள். வஹினி அந்தக் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், எனக்குத் தலைக்கு வைக்க ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து போட்டாள்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனரில் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்தேன். இரண்டு போல்ட்டுகள். முதலாவது துரு ஏறிக் கல்லாகிக் கிடந்தது. அக்கா அம்மிக் குழவியை உருட்டிக் கொடுத்தாள். படுத்தபடி ஸ்பேனரின் வாலில் குழவியால் அடித்தேன். ஆறாவது அடியில் போல்ட் திரும்பியது, ஏழாவது அடி என் மணிக்கட்டில் விழுந்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன், குழாயிலிருந்து மீதி ஆயில் வாயிலும் கண்ணிலும் கொட்டியது. பிரேக் ஆயில் கார் பெயின்ட்டையே அரித்துவிடும் என்பார்கள். கண் எம்மாத்திரம். அன்று முழுக்க ஒரு கண்ணால் அழுதேன்.

பழையதைப் பிடுங்கிப் புதியதை மாட்டினேன், அக்கா மேலே கிண்ணத்தில் ஆயில் ஊற்றினாள். கம்பி நெம்புகோலின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலை விட்டுத் தடவிக்கொண்டே, "அக்கா, பெடல் லேசா இருக்குதா பாரு" என்றேன். நான் சொன்னது கையால் தொட்டுப் பார்க்க. அவள் மெஷினை மிதிக்கிற கால்காரி. மிதித்தாள். கம்பி பாய்ந்து என் நடுவிரலை நெம்புகோலோடு வைத்து நசுக்கியது. நகம் பலாக்கொட்டையின் தோல் போலக் கழன்று வந்தது.

"இன்னாடா, கத்தற?"

"ஒண்ணுமில்ல. வேலை செய்யுது."

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு காற்று எடுக்க ஆரம்பித்தோம். அக்கா கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். நான் "மிதி" என்றால் மிதித்துப் பிடித்துக்கொள்வாள். நான் நிப்பிளைத் திறப்பேன், நுரையோடு ஆயில் பீச்சும், மூடுவேன். "தூக்கு" என்றால் காலை எடுப்பாள். "நான் சொல்லாம காலை எடுத்துடாதே. எடுத்தா காத்து உள்ள பூந்துரும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மணி மூன்று. நுரை குறைந்துகொண்டிருந்தது. இன்னும் நாலைந்து முறை போதும். அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அந்த ஸ்கூட்டரின் சத்தம் எனக்குத் தெரியும், அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கம்பெனியில் பூஜை சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். அல்லது பாட்டில்.

"மிதிச்சே பிடி. எடுக்காதே" என்று கிசுகிசுத்தேன். நிப்பிள் திறந்திருந்தது.

கீழிருந்து பார்த்தால் மாமாவின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டன. பிற்பாடு பார்த்தேன், கழுத்து மாலையைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டியிருக்கிறார், ஸ்வீட் பெட்டியை சீட்டில் பதமாக வைத்திருக்கிறார். பிறகு செருப்புகள் நடந்து வந்து, வாழையிலையின் முன்னால் நின்றன. எண்ணெயில் ஊறிய சந்தனப் பொட்டுகள்.

"பூஜையில வெச்ச பானாவை எவன்டா எட்த்தது?"

பெண்டாட்டி டிரைவர் சீட்டில் இருக்கிறாள். டிரங்குப் பெட்டி வண்டியில் இருக்கிறது. அவர் பார்த்தது ஸ்பேனரை. காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் ஊருக்கே பொதுச் சொத்து. இரண்டையும் பிடித்து ஒரே இழுப்பு. சட்டை கழுத்து வரை சுருண்டு முதுகு தாரில் தேய்ந்தது. நெற்றி பம்பரில் மோதியது. வெளிச்சத்துக்கு வந்ததும் முதல் உதை விலாவில்.

"மாமா, ஒரு நிமிஷம்..."

இரண்டாவது வாயில். ஒரு பல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. கை மடக்கித் தாடையில் ஒன்று விட்டார், காதுக்குள் மணியடித்தது. நான் வீரமாக அவர் முழங்காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தேன். பேண்ட் துணி நல்ல துணி, கிழியவேயில்லை. தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கதவில் அடித்தார். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில், "சாமி பொருளு! சாமி பொருளு!" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

ஜன்னல் வழியாக அக்காவின் கால் தெரிந்தது. பெடலைத் தரையோடு அமுக்கி வைத்திருந்தாள். கெண்டைக்கால் நடுங்கியது, எடுக்கவில்லை. நான் சொன்ன பேச்சை வாழ்க்கையில் கேட்டுக் கெட்டவள், அன்றும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாமாவின் பார்வை பின்சீட்டுக்குப் போனது. அடிப்பதை நிறுத்தினார். குரல் தாழ்ந்தது.

"மெஷின் எங்க போவுது?"

கீழே கிடந்த அம்மிக் குழவியைப் பார்த்தார்.

"நாளைக்கின்னு சொன்னேனா? நாளைக்கி வரைக்கும் எதுக்கு."

பின்கதவைத் திறந்து, குழவியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் மெஷினின் கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். அவர் வைத்த பொட்டு அவர் விரலிலேயே ஒட்டியது.

அக்கா காலை எடுத்தாள்.

இறங்கி வந்தது எனக்குத் தெரியாது. அவள் பின்கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தியதுதான் தெரியும். கதவு மூடவில்லை, நடுவில் மாமாவின் கை இருந்தது. குழவி ரோட்டில் உருண்டது. சரியாக மூடாத பீரோவை இன்னொரு தடவை திறந்து அழுத்திச் சாத்துவோமே, அதுபோலத் திறந்து மறுபடியும் சாத்தினாள். இந்த முறை இடுப்பையும் சேர்த்து இடித்தாள். அவர் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர்களின் மைக் செட்டே நின்றது.

மாமா கையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, வியர்த்து, வாந்தி எடுத்தார். நாலு விரலும் நாலு திசையில் இருந்தன. வஹினி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பல்லைத் துப்பினேன். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மாமா காருக்கடியிலிருந்து ஓடிவரும் ஆயிலைப் பார்த்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் தாங்க முடியாமல்,

"நிப்பிளை மூடுடா முட்டாள். எல்லா ஆயிலும் போவுது பாரு" என்றார்.

"சரி மாமா" என்றேன். படுத்துப் போய் மூடினேன். ஃபிட்டர் சொன்னால் ஃபிட்டர் சொன்னதுதான்.

காற்று உள்ளே புகுந்திருந்தது. கிளட்ச் அரைகுறையாகத்தான் பிடித்தது. முதல் கியரில் போட்டுவிட்டு சாவியைத் திருப்பினேன், வண்டி இருமிக்கொண்டே பாய்ந்தது. நிறுத்தினால் மறுபடி கியர் விழாது என்பதால் நிக்டியிலிருந்து சாங்வி வரை நான் நிற்கவில்லை. சிக்னல், போலீஸ், ஒரு மாட்டு வண்டி, எல்லோரும்தான் எனக்காக நின்றார்கள். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கியர் பாக்ஸ் எலும்பு அரைபடுவது போலக் கதறியது. அக்கா பின்சீட்டில் மெஷினை மடியில் சாய்த்துப் பிடித்தபடி வந்தாள். சிஞ்ச்வாட் தாண்டியதும் ஒரே ஒரு தடவை, "ரெண்டாவது வாட்டி சாத்தியிருக்க வேணாம், இல்ல?" என்று கேட்டாள். எனக்குத் தாடை திறக்கவில்லை. அவளே யோசித்து, "இல்ல. சாத்தியிருக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமாவின் அண்ணன் இரண்டு பெரிய மனிதர்களோடு வந்தார். மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார், கைக்குக் கம்பி வைத்திருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கதவோரம் நின்றாள்.

"தொழில் செய்யற கையிம்மா அது. பொம்பள செய்யற காரியமா இது?" என்றார் அண்ணன்.

"என்னுதும் தொழில் செய்யற கைதாங்க" என்றாள் அக்கா. "எட்டு வருஷமா எங்கெங்க அடிச்சாருன்னு காட்டட்டுமா? உங்க எல்லார் எதிர்லயும் ரவிக்கைய அவுத்துக் காட்டட்டுமா?"

பெரிய மனிதர்கள் சுவரைப் பார்த்தார்கள். மாமாவின் அண்ணன் என் பக்கம் திரும்பினார். இரண்டு முறை இதே கூடத்தில் நான் பேசியதை அவர் கேட்டிருக்கிறார். அந்த நம்பிக்கையில் திரும்பினார்.

"தம்பி, நீ சொன்னா கேக்கும். போன வாட்டி மாதிரி நீயே கூட்டியாந்து வுட்டுடு. நடந்தது நடந்துபோச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் தலையை நிமிர்த்தினார். "சொல்லேன்டா" என்றார்.

என் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் வாய் திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அந்தப் பேச்சுகள் எல்லாம் இன்னும் மனப்பாடம்தான். அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்றாவது தடவையும் நான் பேசப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தவள் போல.

நான் மாட்டேன் என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். போதாது என்று தோன்றி இன்னொரு முறை ஆட்டினேன். கழுத்தும் வலித்தது.